சக்கையில் பசை இருக்கிறதா?

கேள்வி: கரும்புச் சக்கை, வைக்கோல் போன்ற வயல் கழிவுகளிலிருந்து மரம் ஒட்டும் பசை செய்யலாம் என்கிறார்களே? நானே காய்ச்சி, ஆடுகிற மேசைக்காலை ஒட்டிப் பார்க்கலாமா?

பதில்: செய்யலாம் என்பது உண்மைதான். மேசைக்காலுக்குச் சரிவராது.

பிளைவுட் ஆலையின் பசைப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். அங்கே காய்ச்சியது ஃபீனால், ஃபார்மால்டிஹைடு என்ற இரண்டு வேதிப்பொருள்கள் சேர்ந்த பசை. ஃபீனால் பெட்ரோலியத்திலிருந்து வருவது. செடிகளின் தண்டில் நாரோடு நாரைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினின் வேதி அமைப்பும் கிட்டத்தட்ட அதே குடும்பம். சக்கையைக் காஸ்டிக் சோடாவில் வேக வைத்தால் லிக்னின் கரைந்து கருஞ்சாறு வரும். அதில் அமிலம் விட்டால் பழுப்பு வண்டலாகப் படியும். அதை ஃபீனாலில் ஒரு பங்குக்குப் பதிலாகப் போடுகிறார்கள். வைக்கோல் என்றால் மணலில் இருக்கும் சிலிக்காவும் கூடவே கரைந்து வந்து தொல்லை கொடுக்கும்.

ஏன் ஒரு பங்கு மட்டும்? ஃபார்மால்டிஹைடு வந்து பிடித்துக்கொள்ளும் இடங்கள் லிக்னினில் பெரும்பாலும் முன்பே அடைபட்டிருக்கும். அதனால் பசை மெதுவாக இறுகும். ஆலையில் பலகை சூட்டு அழுத்தியில் கூடுதலாக ஒரு நிமிடம் நின்றாலே முதலாளி முகம் மாறிவிடும்! இந்தப் பசை இறுகவே நூறு டிகிரிக்கு மேல் சூடும் அழுத்தமும் வேண்டும். உங்கள் மேசைக்காலை எந்த அழுத்தியில் வைப்பீர்கள்? கடையில் விற்கும் வெள்ளைப் பசை போதும்.

இன்னொன்று: 'தாவரப் பசை' என்று எழுதியிருந்தாலே ஃபார்மால்டிஹைடு இல்லை என்று நம்பிவிடாதீர்கள். ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. லிக்னின் கலந்த பசையிலும் பெரும்பாலும் அது உண்டு. ஃபார்மால்டிஹைடு சேர்க்காமலே செய்வது சோயாப் பசை.

கையை வைத்தே தீரவேண்டும் என்றால், எண்ணெய் எடுத்த சோயா மாவைத் தண்ணீரும் சிறிது நீற்றிய சுண்ணாம்பும் விட்டுக் குழைத்து, இரண்டு பழைய பலகைத் துண்டுகளில் தடவி இறுக்கிக் கட்டி வையுங்கள். பிடிக்கும். ஈரத்தில் ஊறினால் விட்டுவிடும்.

கேள்வி: முந்திரிக்கொட்டை ஓடு?

பதில்: அருமையான சரக்கு. ஓட்டின் எண்ணெயைச் சூடாக்கினால் கார்டனால் என்ற ஃபீனால் வகைப் பொருள் கிடைக்கும். பிசின் செய்யவும் பிரேக் லைனிங்குக்கும் ரொம்ப நாளாகவே பயன்படுகிறது. வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள், தோல் கொப்புளித்துவிடும்.