வெளிநாட்டில் பழக்கமான வயதான மார்மன் மிஷனரி தம்பதி வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். மதம் மாற்றத்தானா? போகலாமா?

தாராளமாகப் போகலாம். மார்மன்கள் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சபையினர். மதத்தைப் பற்றிப் பேசுவார்களா என்றால், பேசுவார்கள். அதற்காகத்தான் ஊரை விட்டு வந்திருக்கிறார்கள், அதை மறைக்கவும் மாட்டார்கள். ஆனால் அதற்காக மட்டும்தான் நம்மோடு பழகுகிறார்களா என்று கேட்டால், என் அனுபவத்தில் இல்லை.

2014, 2015இல் கானாவின் தலைநகர் அக்ராவில் வேலையாக இருந்தேன். அங்கே அது 'டும்சோர்' காலம். மின்வெட்டுக்கு அந்த ஊர்ப் பெயர். கரண்ட் போனால் குடியிருப்பில் எல்லோரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவோம். அங்கேதான் அவர்கள் அறிமுகம். அமெரிக்காவில் ஐடஹோ பக்கம் விவசாயம் பார்த்தவர் அவர். அந்தம்மா பள்ளி ஆசிரியை. இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. சட்டையில் கறுப்புப் பெயர்ப் பட்டை. சபையில் அவர்களை எல்டர், சிஸ்டர் என்பார்கள், எங்களுக்கு அங்கிள், ஆன்ட்டி.

முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது என் மனைவி வழக்கம்போல டீ போட்டுக் கொண்டுவந்தாள். அங்கிள் நெஞ்சில் கை வைத்து, "மன்னிக்கணும், நாங்கள் குடிப்பதில்லை" என்றார். டீ, காப்பி, மது, புகையிலை நான்கும் அவர்களுக்கு விலக்கு. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1833இல் கொடுத்த 'ஞான வார்த்தை' என்ற போதனையிலிருந்து வந்த வழக்கம். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப என் மனைவிக்கு மனம் வரவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த சுக்கையும் மல்லியையும் தட்டி, கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்தாள். பெயரில்தான் காப்பி இருக்கிறது, உள்ளே காப்பிக்கொட்டை கிடையாது என்று நான் விளக்கினேன். ஆன்ட்டி சமையலறைக்கே வந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்த்தார். அப்புறம் இரண்டு டம்ளர் குடித்தார். அதிலிருந்து வியாழக்கிழமை சாயங்காலம் என்றால் எங்கள் வீட்டில் சுக்குக் காப்பிதான்.

வெள்ளைச் சட்டையும் டையும் கட்டி இரண்டு இரண்டு பேராகப் போகும் இளைஞர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். ஓய்வு பெற்ற தம்பதிகளின் கதை வேறு. வீடு வீடாகக் கதவு தட்ட வேண்டியதில்லை. ஆறு மாதத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு வருடம் வரை, தங்கள் சேமிப்பிலிருந்தே செலவு செய்து வருகிறார்கள். சம்பளம் கிடையாது. இவர்கள் இருவரும் 2004இல் திறக்கப்பட்ட அக்ரா ஆலயத்தில் சேவை செய்தார்கள். பேரன் பிறந்ததைக் கூட ஸ்கைப்பில்தான் பார்த்தார்கள்.

அவர்கள் சபையின் வரலாற்றில் எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன். 1978 ஜூன் வரை கறுப்பின ஆண்களுக்கு அவர்கள் சபையில் குருத்துவம், அதாவது சடங்குகளை நடத்தும் அதிகாரம், கிடையாது. அப்படியிருந்தும், ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் என்ற கானாக்காரர் 1964இல் அவர்கள் வேதநூலான மார்மன் புத்தகத்தைப் படித்து நம்பி, கேப் கோஸ்ட் பக்கம் தானாகவே சபைகள் நடத்தினார். மிஷனரிகளை அனுப்பச் சொல்லிக் கடிதம் மேல் கடிதம். தடை நீங்கிய பிறகு, 1978 கடைசியில் நைஜீரியாவுக்கும் கானாவுக்கும் முதலில் அனுப்பப்பட்டவர்கள் இரண்டு வயதான தம்பதிகள்தான், மேபி தம்பதியும் கேனன் தம்பதியும். டிசம்பரில் கேப் கோஸ்ட்டில் நூறு பேருக்கு மேல் ஞானஸ்நானம் பெற்றார்கள், ஜான்சனும் அதில் ஒருவர். இதைச் சொல்லும்போது அங்கிளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "சரி, ஜான்சன் காத்திருந்த அந்தப் பதினான்கு வருடம்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அவர்களுடைய விசுவாசம் என்னுடையதை விடப் பெரியது" என்றார். மழுப்பாமல் சொன்னாரே, அன்றைக்குத்தான் அவர்மேல் எனக்கு முழு மரியாதை வந்தது.

மூன்றாவது மாதம் அந்தக் கேள்வி வந்தது. நீல அட்டை போட்ட மார்மன் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "படித்துப் பாருங்கள், உண்மையா என்று கடவுளிடமே கேளுங்கள்" என்றார் அங்கிள். நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள், படிக்கிறேன், ஆனால் மாறுகிற எண்ணம் இல்லை என்றேன். "எனக்கு இவ்வளவு பிரியமான ஒன்றை உங்களிடம் சொல்லாமல் இருந்தால்தான் தப்பு. சொல்லிவிட்டேன்" என்றார். அவ்வளவுதான். ஆன்ட்டி ஒருமுறை என் மனைவியிடம் தனியாகக் கேட்டார், அவளும் அதையே சொன்னாள். அடுத்த வியாழனும் வந்தார்கள். எனக்கு மலேரியா வந்து நடுங்கிய ராத்திரி, என்னைத் தங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போனதும் அவர்கள்தான். அது இந்தப் பேச்சுக்கெல்லாம் பிறகு நடந்தது.

வம்சாவளியில் அவர்களுக்கு அபார ஈடுபாடு. என் பூட்டியின் பெயர் என்ன என்று ஆன்ட்டி கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் கேட்டேன். அப்பா பக்கத்துத் தெருப் பெரியம்மாவிடம் விசாரித்து, நான்கு நாள் கழித்து பூட்டன், பூட்டி, ஓட்டன் வரை பெயர் சொன்னார். ஆனால் எனக்கு ஒரு தயக்கம். இறந்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர்கள் ஞானஸ்நானம் பெறும் வழக்கம் அவர்களிடம் உண்டு. ஏற்பதும் மறுப்பதும் இறந்தவரின் ஆத்மாவின் விருப்பம் என்பது அவர்கள் நம்பிக்கை. எங்கள் பூட்டிக்கு அது வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னேன். அவரவர் தங்கள் முன்னோருக்கு மட்டுமே செய்ய வேண்டும் என்பதுதான் சபை விதி என்றார் ஆன்ட்டி. கணினியை மூடி வைத்தார். பெரிய தாள் ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, என்னைச் சொல்லச் சொல்லி, ஒவ்வொரு பெயராகப் பென்சிலால் எழுதிக் கையில் கொடுத்தார். அந்தத் தாள் இப்போது ஊரில் அப்பாவின் பீரோவில் இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். மாறும் எண்ணம் இல்லையென்றால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், இழுத்தடித்தால் அவர்களுக்கும் வீண் நம்பிக்கை. சொன்ன பிறகும் விடாமல் கேட்டால் விலகிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஏதாவது இருந்தால் கேட்டுவிடுங்கள். போகும்போது பழம் வாங்கிப் போங்கள், டீத்தூள் வேண்டாம்.