அப்பாவின் ஏழு கொப்பிகள்: புத்தகமாக்கத் தரகர் வேண்டுமா?

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். போன வருடம் காலமானார். அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார். தன் வாழ்க்கையையும் எங்கள் ஊரின் சரித்திரத்தையும் ஏழு சீ.ஆர். கொப்பிகளில் (தடித்த மட்டை போட்ட கொப்பிகள்) எழுதி வைத்திருக்கிறார். மூன்று மாதத்தில் ஆட்டைத் திவசம் வருகிறது. அன்றைக்கு அதைப் புத்தகமாக வெளியிட ஆசை. புத்தகம் அடித்துத் தருகிறேன் என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஐந்நூறு பிரதிக்கு மூன்றரை இலட்சம் கேட்கிறார். தட்டச்சு, அச்சு, ஐ.எஸ்.பி.என்., பதிப்புரிமைப் பதிவு எல்லாம் அதற்குள் அடக்கமாம். பதிவு செய்யாவிட்டால் வேறு யாராவது தங்கள் பெயரில் போட்டுவிடுவார்களாம். இரண்டு கொப்பிகளை அவரிடம் கொடுத்துவிட்டேன். மற்ற ஐந்தையும் கொடுக்கலாமா?
(ஓர் ஆசிரியை, ஒட்டுசுட்டான்)

பதில்: கொடுக்க வேண்டாம். கொடுத்த இரண்டையும் திருப்பி வாங்குங்கள். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உங்களைப் பயமுறுத்திய விஷயம். இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு என்று ஒன்று இல்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய அந்த நேரத்திலேயே எழுத்து எழுதியவருக்குச் சொந்தமாகிவிடுகிறது. படிவம் இல்லை, முத்திரை இல்லை, கட்டணம் இல்லை. உங்கள் அப்பா பேனையைக் கொப்பியில் வைத்தபோதே அது பாதுகாக்கப்பட்டுவிட்டது. அவர் மறைந்து 70 ஆண்டு வரைக்கும் அந்த உரிமை இருக்கும். இப்போது அது வாரிசுகளுடையது. அம்மா இருந்தால் அம்மா, அவரோடு நீங்கள், உங்கள் சகோதரங்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கும் அதில் பங்கு உண்டு. எல்லோரிடமும் "வெளியிடச் சம்மதம்" என்று ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போதும். இல்லாத ஒரு பதிவுக்குக் காசு கேட்பவரிடம் இருக்கும் விஷயங்களுக்கு மட்டும் நேர்மையை எதிர்பார்க்க முடியுமா?

இதில் ஒரேயொரு விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தலாம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதிபர்கள் எழுதியவற்றில் இது அடிக்கடி வருகிறது. வேலையின் பகுதியாக ஒருவர் எழுதியதன் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலை கொடுத்தவரைச் சேரும். அப்பா இரவில் விளக்கடியில் தன் சிறுபிராயத்தைப் பற்றி எழுதியது அவருடையது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பாடசாலை விழா மலருக்காக, அதிபர் என்ற முறையில், பாடசாலையில் நடப்பவற்றைக் குறித்து வைக்கும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தைப் பார்த்து அவர் எழுதிய "பாடசாலை வரலாறு" ஒன்று கொப்பிக்குள் இருந்தால், அது அவருடைய எழுத்தா, உத்தியோகக் கடமையா என்ற கேள்வி வரும். கோயில் மலருக்கு எழுதியது அப்படி அல்ல. கோயில் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. எழுத்தில் கையொப்பமிட்டு உரிமையைக் கொடுத்திருந்தாலொழிய மலர்க் குழு அதற்கு உரிமை கோர முடியாது. பாடசாலைப் பகுதிக்கு மட்டும் என்ன செய்யலாம்? இப்போதைய அதிபரிடம் போய், இன்ன பக்கங்களை நூலில் சேர்க்கிறோம், ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் கேளுங்கள். பழைய அதிபரின் பிள்ளை கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். "மேலிடத்தில் கேட்க வேண்டும்" என்று அவர் இழுத்தால் அந்த அத்தியாயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றதை வெளியிடுங்கள். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து மறுமொழி வரும்வரை காத்திருந்தால் ஆட்டைத் திவசம் மட்டுமல்ல, அடுத்த திவசமும் போய்விடும். பிள்ளைகளின் வருகைப் பதிவுக்கு ஒரு நாள் பிந்தினால் விளக்கம் கேட்டு எழுதுகிறார்கள். ஓர் ஆசிரியரின் வாழ்நாள் எழுத்துக்கு ஒரு வரி பதில் எழுத மட்டும் ஆளில்லை.

அடுத்தது ஐ.எஸ்.பி.என்., அதாவது புத்தகத்துக்குக் கொடுக்கும் சர்வதேச அடையாள எண். இது உண்மையாகவே இருக்கிற ஒன்று. கொழும்பு 7, சுதந்திர வழியிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை கொடுக்கிறது. 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்கம். புத்தகத்தைத் தானே வெளியிடும் தனியாளும் விண்ணப்பிக்கலாம். இதில் உள்ள பொறி காசு மட்டுமல்ல. அந்த எண் யாருடைய பெயரில் எடுக்கப்படுகிறதோ அவர்தான் பதிவில் வெளியீட்டாளர். தரகர் தன் பெயரில் எடுத்துவிட்டால், நாளைக்கு யாராவது இந்த நூலைத் தேடும்போது உங்கள் குடும்பத்தின் பெயர் வராது, அவருடைய பெயர்தான் வரும். உங்கள் காசில், உங்கள் அப்பாவின் உழைப்பில், அவர் பதிப்பாளர் ஆகிவிடுவார். ஆகவே விண்ணப்பத்தை உங்கள் பெயரில் நீங்களே போடுங்கள். ஒரு இலக்கத்துக்காக வன்னியிலிருந்து கொழும்பு வரைக்கும் எழுதிக்கொண்டிருக்க வேண்டியிருப்பது எனக்கும் எரிச்சல்தான். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு நூலகருக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தால் பாதித் தரகர்களுக்கு வேலையே இருக்காது.

அப்புறம், "நூலகங்கள் வாங்கிவிடும், அதற்கு என்னிடம் ஆள் இருக்கிறது" என்றும் சொல்லியிருப்பார். எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பி ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம்.

இப்போது அச்சுக்கு வருவோம். ஐந்நூறு பிரதி எதற்கு? ஐந்நூறுக்குக் கீழே அடிக்க முடியாது என்பது பழைய கதை. டிஜிட்டல் அச்சில் நூறு பிரதியும் அடிக்கலாம். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி எல்லாம் கொடுத்து முடிய, மிஞ்சிய கட்டுகள் விறாந்தை மூலையில் கறையானுக்குப் போவதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். நூற்றைம்பது அடியுங்கள். தீர்ந்தால் மறுபடி அடிக்கலாம், கோப்பு உங்கள் கையில் இருந்தால். பெரிய தாளைப் பதினாறு பக்கமாக மடிக்கும் ஓப்செட் அச்சில் அடிப்பதானால், பக்க எண்ணிக்கையையும் பதினாறின் மடங்காக வைத்துக்கொள்ளப் பாருங்கள். 192 அல்லது 208 என்று வந்தால் தாள் வீணாகாது. 196 என்று வந்தால் வெற்றுப் பக்கத்துக்கும் காசு கட்டுவீர்கள்.

கோப்பு என்றேன். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். எனக்கே நடந்தது. பல வருடத்துக்கு முன் நான் தொகுத்த ஒரு சிறுநூலை ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். புத்தகம் வந்தது. இரண்டாம் பதிப்புக்குப் போனபோது, மூலக் கோப்பு தங்களுடையது, தருவதானால் தனியாகக் காசு என்றார்கள். காசு கொடுத்து வாங்கிப் பார்த்தால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது. அதை, எந்தக் கணினியிலும் படிக்கக்கூடிய யூனிகோட்டுக்கு மாற்றியபோது எழுத்துகள் சில இடம்மாறி வந்தன. முழுவதையும் மறுபடி மெய்ப்புப் பார்த்தேன். நீங்கள் தொடக்கத்திலேயே எழுதி வாங்குங்கள்: தட்டச்சு யூனிகோட்டில் இருக்க வேண்டும், தட்டச்சுக் கோப்பும் அச்சுக்குப் போகும் பி.டி.எஃப். கோப்பும் பென் ட்ரைவில் உங்கள் கைக்கு வர வேண்டும், அதற்குப் பிறகுதான் கடைசித் தவணைக் காசு. மூன்றரை இலட்சத்தையும் முன்பணமாகக் கேட்டால் வாசலைக் காட்டுங்கள்.

இன்னொரு விஷயமும் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது, நீங்கள் கேட்காவிட்டாலும். இப்படிப்பட்டவர்கள் "மெருகேற்றித் தருகிறோம்" என்பார்கள். மெருகு என்றால் முன்னால் அறுபது பக்கம் சேர்ப்பது. எல்லாளன், வன்னிமைகள், பண்டாரவன்னியன், ஒல்லாந்தர், ஆங்கிலேயர். எல்லாம் வேறு புத்தகங்களிலிருந்து எடுத்த வரிகள். வன்னி வரலாறு என்று வரும் நூல்களில் பாதிக்கு மேல் இதே அறுபது பக்கத்தோடுதான் தொடங்குகின்றன, பிழைகளும் அப்படியே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகின்றன. ஆங்கிலேயரை எதிர்த்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் போரிட்ட கற்பூரப்புல்வெளி உங்கள் ஊருக்குப் பக்கம். அங்கே வைக்கப்பட்ட கல்லில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது இவ்வளவுதான்: இந்த இடத்துக்கு அருகில், 1803 ஒக்ரோபர் 31 ஆம் திகதி, கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார். தோற்கடித்தார் என்றுதான் கல் சொல்கிறது, கொன்றார் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே அங்கேயே வீரமரணம் என்று எத்தனை புத்தகங்கள் எழுதிவிட்டன! அப்பாவும் அப்படி எழுதியிருந்தால் அவருடைய வரியைத் தொடாதீர்கள். அது அவருடைய தலைமுறை கேட்டு வளர்ந்த கதை. அடியில் ஒரு குறிப்புப் போட்டு, கல் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள்.

தட்டச்சு செய்பவர் "திருத்துவதையும்" கவனியுங்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல். அப்பா 1960களைப் பற்றி எழுதும்போது கிளிநொச்சியை யாழ்ப்பாண மாவட்டம் என்று எழுதியிருந்தால் அது சரி. தெரியாத ஒரு பொடியன் அதைப் பிழை என்று நினைத்து மாற்றிவிடுவான். பிறகு வாசிப்பவர்கள் அப்பாவைத்தான் குறை சொல்வார்கள். "உதவி அரசாங்க அதிபர்" என்று இருந்ததை இன்றைய பதவிப் பெயரால் "பிரதேச செயலாளர்" என்று மாற்றுவதும் இதே வேலைதான். வாசகர் இந்தப் புத்தகத்தை வாங்குவது ஒல்லாந்தரைப் படிக்க அல்ல. எந்த வருடம் குளம் வான் பாய்ந்தது, ஆர் முதல் காடு வெட்டினார், பாடசாலைக்குக் கிடுகு எங்கிருந்து வந்தது, இடம்பெயர்ந்தபோது மேசையை எந்த மரத்தடியில் விட்டுவிட்டுப் போனார்கள் என்பதற்காகத்தான். அது அப்பாவின் கொப்பியில் மட்டும்தான் இருக்கிறது.

மட்டும்தான் என்பதுதான் எனக்குப் பயம். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதற்குள் இருந்தன. வன்னியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி அப்படிப் போயிருக்கிறது, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே புத்தகத்துக்கு முன் படம். மிஞ்சியிருக்கும் ஐந்து கொப்பிகளையும் நாளைக்குக் காலையிலேயே எடுங்கள். விறாந்தையில், வெயில் நேரே படாத வெளிச்சத்தில், கொப்பியை மேசையில் விரித்து, தொலைபேசியை நேர் மேலே பிடித்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், குமிழ்முனைப் பேனை மை பளபளத்து எழுத்து மறைந்துவிடும். கறுப்புத் துணி ஒட்டிய முதுகு இறுகியிருக்கும். அதை அழுத்தி மடக்காமல் ஒவ்வொரு பக்கமாக எடுங்கள். மட்டையின் உட்புறம், இடையில் செருகிய துண்டுகள், ஓரத்தில் பென்சிலால் குறித்தவை எல்லாவற்றையும் எடுங்கள். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்க வேண்டாம். படங்களை அண்ணனுக்கும் அனுப்பி வையுங்கள். 2005 இலிருந்து இயங்கும் நூலகம் நிறுவனம் இப்படிப்பட்ட ஆவணங்களை எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைக்கிறது. அவர்களோடும் பேசுங்கள்.

மூன்று மாதத்துக்குள் முழு நூல் நல்லபடியாக வராது. ஆட்டைத் திவசத்துக்கு நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு நினைவு மலர் போடுங்கள். அந்தியேட்டிக்கு அச்சிடும் "கல்வெட்டு" என்ற நினைவுச் சிறுநூலில் வருவதுபோல் தேவாரமும் வம்ச வரலாறும் ஒப்பாரியும் இல்லாமல், அப்பாவின் ஒரு அத்தியாயத்தை மட்டும் அப்படியே. வருகிறவர்கள் அதை வாசித்துவிட்டு, இது இப்படி அல்ல, அந்த வருடம் இது என்று உங்களுக்குச் சொல்வார்கள். பெரிய நூலுக்கு அதைவிட நல்ல மெய்ப்புப் பார்ப்பவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

சரி, அந்த இரண்டு கொப்பிகள். தொலைபேசியில் கேட்க வேண்டாம், இந்தக் கிழமைக்குள் நேரே போங்கள். தனியாகப் போகாமல் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தட்டச்சு முடியவில்லை என்பார். முடிந்த பக்கங்களுக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டு, நியாயமாக இருந்தால் கொடுத்து, பற்றுச்சீட்டும் கோப்பும் வாங்குங்கள். ஒப்பந்தம் போட்டாயிற்றே என்பார். நீங்கள் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை என்றால் அதற்கு மறுமொழி சொல்லவும் வேண்டாம். கொப்பிகளைக் கையில் வாங்கியதும், தங்கச்சி, அங்கேயே கதிரையில் இருந்து, அவர் முன்னால் பக்கங்களை எண்ணுங்கள்.