செலஸ்டியாவில் ஆண்ட்ரோமீடா: மங்கலும் கோணலும்

கேள்வி: விண்வெளியைக் கணினியில் சுற்றிப் பார்க்க உதவும் செலஸ்டியா மென்பொருளில் ஆண்ட்ரோமீடா கேலக்ஸிக்கு ஒரு ஆட்-ஆன் (கூடுதல் கோப்புத் தொகுப்பு) போட்டேன். மங்கலாகத் தெரிகிறது, அடைப்புக்குறி விசைகளை எத்தனை முறை தட்டினாலும் வெளிச்சம் கூடவில்லை. பூமியிலிருந்து பார்த்தால் குச்சி மாதிரி ஒல்லியாக, தப்பான பக்கம் சாய்ந்தும் கிடக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: ஆட்-ஆனின் டிஎஸ்சி கோப்பை (கேலக்ஸி, நெபுலா போன்றவற்றின் விவரம் எழுதிய .dsc கோப்பு) நோட்பேடில் திறந்து, பெயருக்கு முன்னால் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். ‘கேலக்ஸி’ என்றிருந்தால் ஒளிப்படலத்தைச் செலஸ்டியாவே வரைகிறது. ‘)’ அதைப் பிரகாசமாக்கும், ‘(’ மங்கலாக்கும். ‘நெபுலா’ என்றிருந்தால் அது ஒரு மாடலில் (முப்பரிமாண வடிவத்தில்) ஒட்டிய புகைப்படம். அந்த விசைகளுக்கு அது கட்டுப்படாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது இந்த இரண்டாவது ரகம்.

அப்படியானால் வெளிச்சம் மாடல் கோப்பில் இருக்கிறது. சிமாட் கோப்பு (செலஸ்டியாவின் .cmod மாடல் கோப்பு) எழுத்து வடிவில் இருந்தால், மெட்டீரியல் பகுதியில் ‘எமிசிவ்’ என்ற வரியில் மூன்று எண்கள் இருக்கும். படம் தானாக ஒளிர்வது அவற்றால்தான். மூன்றையும் ஒரே அளவில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒன்றை மட்டும் ஏற்றினால் நிறம் மாறிவிடும். 1-ஐ எட்டியும் போதவில்லையா? படத்தையே ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் பளிச்சாக்குவதுதான் வழி. நடுப்பகுதி மட்டும் கண்ணைக் கூசினால், செலஸ்டியாவின் சொந்த ஆண்ட்ரோமீடாவும் அதே இடத்தில் எரிகிறது என்று அர்த்தம். மூல கேலக்ஸிப் பட்டியலில் அந்தப் பதிவின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் # போட்டு அணைத்துவிடுங்கள்.

இனி குச்சி விவகாரம். இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஆண்ட்ரோமீடா நமக்கு ஏறத்தாழ 77 பாகை சாய்ந்து தெரிகிறது. புகைப்படத்தில் அந்தச் சாய்வு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. அதே படத்தை 77 பாகை சாய்த்த தட்டில் ஒட்டினால் இரண்டாம் முறையும் நசுங்கும். எனவே, கேலக்ஸியின் நீள அச்சு கிடையாக வருமாறு படத்தைத் திருப்பி, உயரத்தை மட்டும் சுமார் 4.4 மடங்கு இழுத்து வட்டமாக்கிய பிறகே ஒட்ட வேண்டும். மையப் புடைப்பு தட்டையானது அல்ல என்பதால் அது கொஞ்சம் கோரமாக நீளும். பூமியிலிருந்து பார்க்கும்போது சரியாகிவிடும். இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் பூமியை நேராகப் பார்க்கும் தட்டையான அட்டையில் அப்படியே ஒட்டலாம். ஆனால் பக்கவாட்டில் பறந்து போனால் வெறும் காகிதம்தான் தெரியும்.

சாய்வைச் சரிபார்க்க ‘எச்’, ‘ஜி’ விசைகளால் சூரியனுக்கு வந்து, எம் 31-ஐ (ஆண்ட்ரோமீடாவின் பட்டியல் பெயர்) தேர்ந்தெடுத்து ‘சி’ அழுத்துங்கள். ‘;’ போட்டால் வான் கட்டம் வரும், வடக்கு எது என்று தெரிந்துவிடும். வடக்கு மேலே இருந்தால், ஆண்ட்ரோமீடாவின் துணைக் கேலக்ஸிகளில் எம் 32 மையத்துக்கு நேர் கீழேயும் எம் 110 வலது மேல்பக்கமும் வர வேண்டும். எம் 110 இடப்பக்கம் நின்றால் படம் கண்ணாடி பிம்பமாக ஒட்டப்பட்டிருக்கிறது, கிடைமட்டமாகப் புரட்டுங்கள். புரட்டத் தேவையில்லாமல் கோணம் மட்டும் பிசகினால் டிஎஸ்சி கோப்பில் உள்ள ஆக்சிஸ் (சுழற்சி அச்சு), ஆங்கிள் (சுழற்சிக் கோணம்) இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அவை பூமியின் சுற்றுப்பாதைத் தளத்தை அடிப்படையாகக் கொண்டவை. வான வடக்கிலிருந்து அளந்த கோணத்தை அப்படியே போட்டால் 23.4 பாகை சாய்வு கணக்கில் விட்டுப்போகும். நேர் அட்டை என்றால் இந்தத் தலைவலி வேண்டாம், ஜிம்ப்பில் படத்தைச் சுழற்றினாலே போதும்.

அப்புறம், கேலக்ஸி வானில் வேறெங்கோ போய் உட்கார்ந்தால் ஆர்ஏ மதிப்பைப் (வானில் கிழக்கு-மேற்கு இடத்தைச் சொல்லும் எண்) பாருங்கள். டிஎஸ்சி கோப்பில் அது மணியில் இருக்க வேண்டும்: 0.712. பாகையில் 10.68 என்று எழுதியிருந்தால் 15-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.