செத்தவர் பெயரில் வீடு வராதா? ஏஜென்ட் சொல்வதை நம்பலாமா?

கேள்வி: மும்பை ஆன்டாப் ஹில்லில் எங்கள் குடிசை அப்பா பெயரில் இருக்கிறது. போட்டோ பாஸ் (குடிசைக்காரருக்கு அரசு தந்த படம் ஒட்டிய அட்டை) இருக்கிறது, 1995 வாக்காளர் பட்டியலிலும் அவர் பெயர் உண்டு. 2009-ல் இறந்துவிட்டார். அம்மா ஊரில் இருக்கிறார். நானும் கணவரும் பிள்ளைகளும் இங்கேயே இருக்கிறோம். இப்போது எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையம்) திட்டம் வருகிறதாம், குடிசைகளை இடித்து பில்டர் புது வீடு கட்டித் தருவாராம். பில்டரின் ஆள் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். "செத்தவர் பெயரில் வீடு வராது, அறுபதாயிரம் கொடுத்தால் உங்கள் பெயரை ஏற்றித் தருகிறேன்" என்கிறார். எங்கள் கல்லியில் (சந்தில்) பத்துப் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து நியாயம் கேட்க நினைக்கிறோம். யாரிடம், என்ன கேட்பது?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், சகோதரி. யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்யும் அதிகாரம் அந்த ஆளுக்குக் கிடையாது. அவருடைய பில்டருக்கும் கிடையாது, குடிசைவாசிகளின் கமிட்டிக்கும் கிடையாது. 'அனெக்சர் டூ' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நிலம் மாநகராட்சியுடையது என்றால் வார்டு அலுவலகம், அரசுடையது என்றால் கலெக்டர் அலுவலகம், ம்ஹாடாவுடையது (மாநில வீட்டுவசதி வாரியம்) என்றால் அவர்கள். அங்குள்ள அதிகாரிதான் அந்தப் பட்டியலில் தகுதி உண்டு, இல்லை என்று எழுதுவார். முதல் வேலையாக உங்கள் நிலம் யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2000 ஜனவரி 1-க்கு முன்பே குடிசை இருந்ததற்கு ஆதாரம் இருந்தால் வீடு இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு 2.5 லட்ச ரூபாய் கட்டணம். உங்கள் அப்பாவின் காகிதங்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. அவர் இறந்ததால் அந்த உரிமை மண்ணோடு போய்விடாது, வாரிசுகளுக்கு வரும்.

இந்த வாரிசு விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வாரிசு என்றால் மூத்த மகன் மட்டும் என்று கமிட்டிக்காரர்கள் அடித்துப் பேசுவார்கள். தவறு. அம்மா, மகன்கள், மகள்கள் எல்லோருமே வாரிசுதான். கல்யாணமாகிப் போன மகளும் வாரிசுதான். எனவே அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுகள் யார் யார் என்ற பிரமாணப் பத்திரம், உங்கள் பெயரில் ஏற்ற அம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ஆட்சேபம் இல்லை என்ற எழுத்து, இப்போது நீங்கள்தான் அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்குக் கரண்ட் பில், ரேஷன் கார்டு. இவ்வளவையும் இப்போதே சேர்த்து வையுங்கள். ஊரில் இருக்கும் அண்ணன் தம்பியோடு மனஸ்தாபம் இருந்தால், சர்வேக்காரர் வரும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

இன்னொரு சிக்கல் பெயர். நாம் இனிஷியல் போடுகிறவர்கள், இங்கே குடும்பப் பெயர் கேட்பார்கள். மராத்திப் பட்டியலில் சுடலைமுத்து 'சுதலாமுட்டு' ஆகியிருப்பார். ஆதாரில் அப்பா பெயர் கடைசியில் வந்திருக்கும், போட்டோ பாஸில் முன்னால் வந்திருக்கும். இந்த ஒரே காரணத்துக்காக, முப்பது நாற்பது வருடம் குடியிருந்தவர்களைக்கூட 'தகுதியில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். எழுத்துப் பிழை செய்தது அலுவலகம், அலைவது நாம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரம் போட்டு, வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகலோடு இணைத்துக் கொடுங்கள். எதைக் கொடுத்தாலும் நகலாகக் கொடுங்கள். அசல் போட்டோ பாஸை ஏஜென்ட் கையில் கொடுத்தால், திரும்ப வாங்க அவர் வைக்கும் விலையைக் கட்ட வேண்டியிருக்கும்.

இனி கையெழுத்து. முன்பு 70 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும் என்று இருந்தது. இப்போது 51 போதும். அந்த 51 சேர்ந்துவிட்டால் மீதிப் பேர் எதிர்த்தாலும் திட்டம் நகரும், மறுக்கிறவர்களை வெளியேற்றவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆகவே உங்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பத்துக்கு பலம் இருப்பது அந்த 51 நிரம்பும் வரைதான். அதற்குள் பக்கத்துக் கல்லிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களை முன்னால் நிறுத்துங்கள். புது வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும்தான் வரும், ஆனால் கையெழுத்து வாங்க வருகிறவர் ஆண்களைத் தேடி டீக்கடைக்குத்தான் போவார்.

சம்மதப் பத்திரம் மராத்தியில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் மராத்தி படித்த நம் பிள்ளைகளையே உட்கார வைத்து, வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பில்டர் பெயரோ தேதியோ காலியாக இருந்தால் கையெழுத்து வேண்டாம். சொசைட்டி (குடியிருப்போரின் கூட்டுறவு வீட்டுச் சங்கம்) அமைக்கச் சம்மதிப்பது வேறு, ஒரு பில்டருக்குச் சம்மதிப்பது வேறு. இரண்டையும் ஒரே தாளில் அடக்கிக் கொண்டுவருவார்கள், கவனம்.

பில்டரைத் தேர்ந்தெடுக்கப் பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லி எஸ்.ஆர்.ஏ.வுக்குச் சேர்ந்தே மனு கொடுங்கள். கூட்டுறவு அதிகாரி முன்னிலையில் நடக்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்று அதில் எழுதுங்கள். பாந்த்ராவில் உள்ள தலைமை அலுவலகத்தில் நகலில் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். மனுவுக்குப் பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

கூட்டத்தில் நாலு விஷயம் கேளுங்கள். வீடு 300 சதுர அடி கார்பெட் ஏரியா (சுவருக்குள் புழங்கும் இடம்) என்று தனித்தனி ஒப்பந்தத்தில் எழுதுவாரா? புது வீடு முடியும் வரை வெளியே தங்க அவர் தரும் மாத வாடகை எவ்வளவு? இரண்டு வருட வாடகையை முன்பணமாக எஸ்.ஆர்.ஏ.வில் கட்டிவிட்டாரா? அவர் ஆரம்பித்த பழைய திட்டங்களில் எத்தனை பேர் வீட்டுச் சாவி வாங்கியிருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு அவர் வாயால் பதில் வேண்டாம். அந்த இடங்களுக்கு நேரில் போய், வாடகை நின்று தவிக்கும் குடும்பம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

அனெக்சர் டூவின் வரைவுப் பட்டியல் ஒட்டும் நாளில் உங்கள் பெயர் விடுபட்டிருந்தால் ஏஜென்டைத் தேடி ஓடாதீர்கள். ஆட்சேபம் எழுதிக் கொடுக்க அவகாசம் உண்டு. அதிலும் தகுதியில்லை என்று உத்தரவு வந்தால் மேல்முறையீடு உண்டு. கெடு குறுகியது. உத்தரவு கைக்கு வந்த வாரமே சட்ட உதவி மையத்துக்குப் போய்விடுங்கள், பெண்களுக்கு அங்கே வக்கீல் இலவசம்.