குயும்ரியில் படை இருந்தும்

வணக்கம். ஆர்மீனியா ரஷ்யாவின் ராணுவக் கூட்டாளி. குயும்ரி நகரில் ரஷ்யப் படைத்தளமே இருக்கிறது. அப்படியிருந்தும் 2020இல் அஜர்பைஜானுடன் 44 நாள் போர் நடந்தபோது ரஷ்யா ஏன் கைகட்டி நின்றது? அஜர்பைஜானுக்குத் துணைநின்ற துருக்கியைப் பார்த்துப் பயமா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

பயம் என்று நான் சொல்லமாட்டேன். கணக்கு.

ரஷ்யா சொன்ன காரணம் எளிது. ரஷ்யாவும் ஆர்மீனியாவும் வேறு சில நாடுகளும் சேர்ந்த கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் உறுப்பு நாட்டின் மண்ணுக்குத்தான் பொருந்தும். சண்டை நடந்த கராபாக், ஆர்மீனியர்கள் வாழ்ந்த பகுதி என்றாலும், சர்வதேசச் சட்டப்படி அஜர்பைஜானுடையது. ஆர்மீனியாவே அதைத் தனிநாடாக முறைப்படி அங்கீகரித்ததில்லை. சரி, வாதம் செல்லும். ஆனால் 2022 செப்டம்பரில் ஆர்மீனியாவின் சொந்த மண்ணிலேயே அஜர்பைஜானின் குண்டு விழுந்தது. உதவி கேட்டார்கள். நிலைமையைப் பார்த்துவர ஒரு குழுதான் வந்தது!

ரஷ்யா இரு தரப்புக்கும் ஆயுதம் விற்ற நாடு. கராபாக் தகராறு தீராமல் இருக்கும்வரை இருவரும் மாஸ்கோவின் வாசலுக்கு வந்தாக வேண்டும். ஆர்மீனியாவுக்காகக் களமிறங்கினால், காஸ்பியன் கடலும் எண்ணெயும் கையில் உள்ள அஜர்பைஜான் முழுதாகத் துருக்கி பக்கம் போய்விடும். ஆர்மீனியாவுக்கோ போக வேறு இடமில்லை என்று மாஸ்கோ நினைத்தது. (2018இல் தெருப் போராட்டத்தின் வழியே ஆர்மீனியப் பிரதமரான பஷின்யான் மீது அதற்குப் பெரிய பிரியமும் இல்லை.)

2020 நவம்பர் 9ஐப் பாருங்கள். ஆர்மீனிய வான்வெளியில் ரஷ்ய ஹெலிகாப்டர் ஒன்றை அஜர்பைஜான் சுட்டு வீழ்த்தியது. 2 ரஷ்ய வீரர்கள் இறந்தார்கள். போரில் இறங்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. அஜர்பைஜான் மன்னிப்புக் கேட்டது, ரஷ்யா ஏற்றுக்கொண்டது. அன்றிரவே போர்நிறுத்த உடன்பாடு. அதன்படி 1,960 ரஷ்ய அமைதிப்படை வீரர்கள் கராபாக்கில் இறங்கினார்கள். 2012இல் கபாலா ரேடார் நிலையத்தை விட்டுப் போனபின், அஜர்பைஜான் மண்ணென்று உலகம் ஏற்ற இடத்தில் ரஷ்யப் படை இருந்ததில்லை. ஒதுங்கி நின்றதற்குக் கிடைத்த கூலி அது.

ஆனால் கணக்கு நீடிக்கவில்லை. உக்ரைனில் ரஷ்யா சிக்கியிருந்தபோது, 2023 செப்டம்பரில், ஒரே நாளில் அஜர்பைஜான் கராபாக்கை வென்றது. அமைதிப்படை பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆர்மீனியர்கள் ஊரை விட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டே அந்தப் படையும் மூட்டை கட்டியது. அதே 2024இல் அந்தக் கூட்டுப் பாதுகாப்புக் கூட்டணியில் தன் பங்கேற்பை நிறுத்தி வைத்திருப்பதாக ஆர்மீனியா அறிவித்தது.

நீங்கள் சொன்ன குயும்ரி தளத்துக்கு மட்டும் 2044 வரை ஒப்பந்தம் இருக்கிறது.