பி.எஃப்.பை எடுத்து வீட்டுக் கடனை அடைத்துவிட்டு வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 39 வயது. சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் டெஸ்டிங் மேனேஜர். மொத்தம் 15 வருட அனுபவம், இந்த நிறுவனத்தில் 11 வருடம். கைக்கு வரும் சம்பளம் 1,45,000 ரூபாய், அதில் பேசிக் 60,000. மனைவி கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறார், 38,000. மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. மேடவாக்கத்தில் சொந்த ஃப்ளாட். கடன் பாக்கி 37 லட்சம், வட்டி 8.5%, இ.எம்.ஐ. 36,500, இன்னும் 15 வருடம். கார் லோன் 11,200, இன்னும் 14 மாதம். பி.எஃப். 22 லட்சம், ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்ட் 14 லட்சம், எஃப்.டி. 6 லட்சம் இருக்கின்றன. ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுப்பது மட்டும்தான். பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மாதச் செலவுப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் மேனேஜர் ஆனேன். அன்றிலிருந்து ரிவ்யூ மீட்டிங், எக்செல், அப்ரைசல் பஞ்சாயத்து, இரவு ஒன்பது மணிக்கு அமெரிக்க கால். திங்கட்கிழமை லேப்டாப்பைத் திறக்கும்போதே மனசு கனக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அபார்ட்மென்ட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு இலவசமாகக் கணக்கு சொல்லித் தருகிறேன். வாரத்திலேயே எனக்குப் பிடித்த இரண்டு மணி நேரம் அதுதான். முன்பு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு டிரெய்னிங் கொடுத்த நாட்களும் அப்படித்தான் இருந்தன. பி.எஃப்., ஃபண்ட் இரண்டையும் எடுத்து வீட்டுக் கடனை அடைத்துவிட்டு, வேலையை விட்டு, பி.எட். படித்து ஆசிரியர் ஆகலாமா? இல்லை, நண்பர் சொல்வதுபோல் 8 லட்சம் போட்டு டியூஷன் சென்டர் ஃபிரான்சைஸ் எடுக்கலாமா? மனைவிக்குப் பயமாக இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மேடவாக்கம்

பதில்: கடனை அடைக்க வேண்டாம். ராஜினாமாக் கடிதமும் இப்போது வேண்டாம். ஆனால் நீங்கள் இப்போது செய்யும் வேலையை இன்னும் இருபது வருடம் இப்படியே இழுத்துக்கொண்டு போகலாம் என்றும் சொல்ல மாட்டேன். கடிதத்தைப் படித்தால் அது முடியாது என்று தெரிகிறது.

கடிதத்தை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மீட்டிங், எக்செல், அப்ரைசல், இரவு கால் என்று நாலு புகார் இருக்கிறது. டெஸ்டிங் வேலையைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. பிடித்த நேரம் என்று சொன்ன இரண்டு இடத்திலும் ஒருவருக்குப் புரியாத ஒன்றை நீங்கள் புரியவைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு இடத்தில் பத்தாம் வகுப்புக் கணக்கு, இன்னொன்றில் ஐ.டி. டிரெய்னிங். அப்படியானால் உங்களுக்கு வேண்டியது பள்ளிக்கூடமா, சொல்லிக்கொடுப்பதா? இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பி.எட். வரை போய்விட்டீர்கள். சொல்லிக்கொடுப்பதுதான் வேண்டும் என்றால், அதற்குப் பல இடங்கள் இருக்கின்றன. சிலவற்றுக்கு ராஜினாமாவே தேவைப்படாது.

ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950களில் பிட்ஸ்பர்க் பக்கம் எஞ்சினியர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு, 1959ல் ஒரு கருத்தை முன்வைத்தார். வேலையில் எரிச்சல் தருபவை வேறு, நிறைவு தருபவை வேறு என்பது அதன் சாரம். சம்பளம், மேலதிகாரி, விதிமுறைகள் சரியில்லை என்றால் எரிச்சல் வரும். அவற்றைச் சரிசெய்தால் எரிச்சல் குறையும், அவ்வளவுதான். நிறைவு வேலைக்குள்ளிருந்துதான் வரவேண்டும். இந்தக் கருத்தைப் பிற்காலத்தில் நிறையப் பேர் விமர்சித்திருக்கிறார்கள். இருந்தாலும் உங்கள் விஷயத்தில் இது உதவும். 30% ஹைக் வாங்கி பக்கத்து நிறுவனத்துக்குத் தாவினாலும் அங்கேயும் மேனேஜர்தான், அதே ஒன்பது மணி கால்தான். ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலையில் பாதிப் பேர் இப்படித்தான் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கட்டடம் மாறுகிறார்கள்.

அதனால் முதலில் ஒரு மாதம் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் இரவு இரண்டே வரி: இன்று எந்த வேலையில் நேரம் போனது தெரியவில்லை, எந்த வேலை உயிரை எடுத்தது. அப்புறம், முன்பு உங்களிடம் டிரெய்னிங் எடுத்தவர்களில் சிலரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். உங்களிடம் என்ன கற்றார்கள் என்று அவர்கள் சொல்வது உங்கள் ரெஸ்யூமேயில் இருக்காது. மூன்றாவதாக, தனியார் பள்ளியில் வேலை செய்யும் கணக்கு ஆசிரியர் ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஞாயிறு காலை விருப்பப்பட்டு வரும் ஒன்பது பேருக்கு நடத்துவது ஒன்று. நாற்பது பேர் வகுப்பில் ஒரு நாளைக்கு ஐந்தாறு பீரியட் எடுத்து, நோட்டு திருத்தி, பெற்றோர் வாட்ஸ்அப்புக்குப் பதில் சொல்லி, ஆண்டு விழாவுக்கு நாற்காலி எண்ணுவது இன்னொன்று. கேட்ட பிறகும் ஆசை குறையவில்லை என்றால் அது நல்ல அறிகுறி.

சரி, பணத்துக்கு வருவோம்.

‘வேலையை விடலாமா’ என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ‘மாதம் குறைந்தது எவ்வளவு வந்தால் வீடு ஓடும்’ என்பதற்கு இருக்கிறது. உங்கள் பட்டியலைக் கூட்டினால் 1,65,700 வருகிறது. வரவு 1,83,000. மீதி 17,300 எங்கே போகிறது என்று பட்டியலில் இல்லை. உங்களுக்கும் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். சம்பளம் குறையப் போகும் வீட்டில் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது அதைத்தான்.

இனி அவசியத்தை மட்டும் எடுப்போம். இ.எம்.ஐ. 36,500, பள்ளிக் கட்டணம் மாதத்துக்குப் பிரித்தால் 18,000, மளிகை, பால், காய்கறி, கேஸ் 22,000, மின்சாரம், மெயின்டனன்ஸ், போன் 9,000, கும்பகோணத்துக்கு மாதாமாதம் அனுப்பும் 10,000, டேர்ம் (ஆயுள் காப்பீடு) மற்றும் கார் இன்ஷூரன்ஸ் 3,000. பெட்ரோல் 8,000ஐ 5,000 ஆக்கலாம். வெளியே சாப்பாடு, துணிமணி, சுற்றுலாவுக்கு எழுதிய 18,000ஐப் பாதியாக்கலாம். சொந்தமாக ஹெல்த் பாலிசி எடுக்க மாதம் 3,000 சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி. 20,000, சீட்டு 10,000, கார் லோன் மூன்றும் இல்லாமல் மொத்தம் 1,15,500. மனைவியின் 38,000 போக, நீங்கள் கொண்டுவர வேண்டியது 77,500. உங்கள் எல்லா யோசனைகளையும் இந்த 77,500ஐ வைத்துத்தான் எடை போட வேண்டும்.

பி.எஃப். 22 லட்சம், ஃபண்ட் 14 லட்சம், எஃப்.டி.யில் ஒரு லட்சம் எடுத்துக் கடனை அடைத்தால் இந்த 77,500 உடனே 41,000 ஆகிவிடும். கவர்ச்சியான கணக்குதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையில் மிஞ்சுவது 5 லட்சம் எஃப்.டி. மட்டும். மற்றதெல்லாம் மேடவாக்கத்துச் சுவருக்குள் போய்விடும். அவசரம் என்றால் சுவரிலிருந்து பணம் எடுக்க வங்கிக்குப் போக வேண்டும். வங்கி சம்பளச் சீட்டு கேட்கும். பி.எஃப்.புக்கு 2024-25ல் கொடுத்த வட்டி 8.25%, உங்கள் கடன் வட்டி 8.5%. கால் சதவீத லாபத்துக்காக ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் கரைப்பதா? அந்த 22 லட்சத்தைத் தொடாமல் விட்டால், இதே வட்டி நீடிக்கும் பட்சத்தில், உங்கள் 58வது வயதில் ஒரு கோடியை நெருங்கும். (வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.) அது மட்டும் இல்லை, வேலையை விட்ட மறுநாளே முழு பி.எஃப்.பும் கைக்கு வராது, காத்திருக்க வேண்டும். ஃபண்ட் 14 லட்சத்தை ஒரே வருடத்தில் விற்றால், நீண்டகால லாபத்தில் 1.25 லட்சத்துக்கு மேல் உள்ளதற்கு 12.5% வரி.

நீங்கள் எழுத மறந்தது கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை. 60,000 பேசிக்கை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 11 வருடத்தால் பெருக்கினால் சுமார் 3,80,000 ரூபாய். 20 லட்சம் வரை வரி கிடையாது. எஃப்.டி.யோடு இதைச் சேர்த்து, கார் லோனை ஒன்றரை லட்சத்துக்குள் முடித்துவிட்டால், கையில் 8.3 லட்சம் நிற்கும். ஒரு ரூபாய் சம்பாதிக்காவிட்டாலும் பி.எஃப்., ஃபண்டைத் தொடாமல் பத்து மாதம் தாங்கும்.

பி.எட்.டுக்கு அது போதாது. பி.எட். இப்போது இரண்டு வருடம். பள்ளிப் பயிற்சியும் உண்டு என்பதால் வேலை பார்த்துக்கொண்டே முடிப்பது கடினம். 24 மாதத்துக்கு 77,500 என்றால் 18.6 லட்சம். ஃபண்டையும் கரைத்தால் தாங்கும். ஆனால் முடித்துவிட்டு 41 வயதில் தனியார் பள்ளியில் புது ஆசிரியராகச் சேர்ந்தால், பெரும்பாலான இடங்களில் தொடக்கச் சம்பளம் உங்கள் 77,500இன் பக்கத்தில்கூட வராது. மகள் பத்தாம் வகுப்பை நெருங்கும் நேரத்தில் இது வேண்டாம்.

டியூஷன்? மாணவருக்கு மாதம் 2,000 என்று வைப்போம். ஏப்ரல், மே காலியாக இருக்கும். வருடத்துக்குப் பத்து மாதக் கட்டணம்தான். 77,500 வீதம் ஒரு வருடத்துக்கு 9.3 லட்சம் வேண்டும் என்றால் 47 மாணவர்கள் தேவை. இப்போதைய புதிய வரி முறையில் அந்த வருமானத்துக்கு வருமான வரி இல்லை, 20 லட்சத்துக்குக் கீழே என்பதால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டாம். 47 என்பது எட்ட முடியாத எண்ணும் இல்லை. ஆனால் நாலு பேட்ச் எடுக்க வேண்டும், எல்லாம் மாலை ஐந்திலிருந்து ஒன்பதரைக்குள். உங்கள் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரம் முழுக்க நீங்கள் அடுத்த வீட்டுப் பிள்ளைகளோடு இருப்பீர்கள். அமெரிக்க கால் பிடிக்காமல் ஓடிவந்த மனிதருக்கு இது தேவையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு நடுவே இருக்கும் வழிகளை நீங்கள் பார்க்கவே இல்லை. உங்கள் நிறுவனத்திலேயே டிரெய்னிங் பிரிவு இருக்கும். சம்பளம் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அங்கே மாற்றல் கேட்க முடியுமா? உங்களுக்கு வேண்டியது 1,45,000 இல்லை, 77,500 என்று தெரிந்த பிறகு பேரம் பேசுவதற்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது பாருங்கள். வெளியே, புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. கல்லூரிகளில் ‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்ற பதவியைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022ல் கொண்டுவந்தது, பிஎச்.டி. கட்டாயமில்லை, 15 வருடத் தொழில் அனுபவம் வேண்டும். உங்களிடம் சரியாக அது இருக்கிறது. மூத்த பதவியில் இருந்தவர்களையே விரும்புவார்கள், இடங்கள் குறைவு, நியமனமும் தற்காலிகம்தான். இருந்தாலும் ஓ.எம்.ஆரைச் சுற்றி இருக்கும் எஞ்சினியரிங் கல்லூரிகளில் விசாரிப்பதில் நஷ்டம் இல்லை.

ஞாயிறு வகுப்புக்குக் கட்டணம் வாங்கிப் பார்க்கவும் சொல்வேன். காசு கேட்ட பிறகு ஒன்பதில் எத்தனை பேர் வருகிறார்கள், காசு வாங்கிய பிறகும் உங்களுக்கு அதே சந்தோஷம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதற்கு முன் உங்கள் நியமனக் கடிதத்தைப் படியுங்கள். பெரும்பாலான ஐ.டி. நிறுவனங்கள் வேறு வருமான வேலைக்கு எழுத்தில் அனுமதி கேட்கின்றன.

எந்த வழியில் போனாலும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை சில. குடும்பத்துக்கு ஹெல்த் பாலிசியை இந்த மாதமே எடுங்கள். பி.பி.யை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை போகலாம், அது கம்பெனி பாலிசி இருக்கும்போதே ஓடிக் கழியட்டும். தனிநபர் பாலிசிக்கு இப்போது ஜி.எஸ்.டி.யும் இல்லை. வீட்டுக் கடன் வட்டியைக் குறைக்கவோ வேறு வங்கிக்கு மாற்றவோ வேண்டும் என்றால் இப்போதே பேசுங்கள். வேரியபிள் பே (செயல்திறனைப் பார்த்துத் தரும் தொகை) எந்த மாதம் வரும், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை மாறினால் பி.எஃப்.பைப் புது நிறுவனத்துக்கு மாற்றுங்கள், எடுக்காதீர்கள்.

உங்கள் மனைவியின் பயத்தைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அவர் அக்கவுன்ட்ஸ் பார்ப்பவர். உங்கள் வீட்டில் இந்தக் கணக்கைப் போட அவரைவிடப் பொருத்தமானவர் யார்? நீங்கள் இடறினால் குடும்பம் நிற்கப்போவது அவருடைய 38,000இல். எனவே முடிவைச் சொல்லிச் சமாதானப்படுத்தாமல், கணக்கை அவரிடம் கொடுத்து ஓட்டை எங்கே என்று கேளுங்கள். காணாமல் போகும் 17,300ஐ அவர் ஒரு மாலையில் கண்டுபிடித்துவிடுவார்.

பிறகு இருவரும் சேர்ந்து ஆறு மாதம் ஒத்திகை பாருங்கள். சம்பளம் வந்தவுடன் அந்தக் குறைந்தபட்சச் செலவு, பழைய பெட்ரோல், கார் லோன், சீட்டு போக மீதியை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். எஸ்.ஐ.பி.யைக்கூட அந்த ஆறு மாதம் நிறுத்தி அதிலேயே போடுங்கள். மாதம் 43,000 நிற்கும், ஆறு மாதத்தில் இரண்டரை லட்சம். மூன்றாவது மாதமே மூச்சு முட்டினால், சம்பளம் குறைந்த வாழ்க்கைக்கு வீடு இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். அதை ராஜினாமாவுக்கு முன் தெரிந்துகொள்வது மலிவு. தீபாவளி அந்த ஆறு மாதத்துக்குள் வருவது போல் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஒத்திகை பொய்க் கணக்காகிவிடும்.

சீட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் இப்போது ஏலத்தில் தள்ளி எடுக்காதீர்கள். முடியும்வரை கட்டி முழுத் தொகையாக வாங்குங்கள்.

நண்பரின் ஃபிரான்சைஸ் வேண்டாம். 8 லட்சம் என்பது உங்கள் பத்து மாதத் தாங்குதிறன் முழுவதும். அதற்கு மேல் கடை வாடகை, அட்வான்ஸ், மாதாமாதம் ராயல்டி. மாணவர்கள் வரப்போவது உங்கள் சொல்லிக்கொடுக்கும் திறமைக்காக, போர்டில் இருக்கும் பெயருக்காக அல்ல. இவ்வளவு நல்ல வியாபாரம் என்றால் அந்த நண்பரே ஏன் இன்னும் ஒன்று எடுக்கவில்லை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.