கூட்டத்துக்குப் போங்கள், பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. அவருடைய கொள்ளுத் தாத்தாவின் தம்பி 'விய வருஷம் ஆவணி மாசம் நேட்டாலுக்குக் கப்பலேறினார்' என்று வீட்டுப் பழைய நோட்டில் ஒரு வரி இருக்கிறதாம். நேட்டால் என்பது இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. ஊரில் குடும்ப வரலாற்றுக் குழு ஒன்று, மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று கூடுகிறது. சேரப் போனவரிடம் மூவாயிரம் ரூபாய் சந்தா, ஆதார் நகல், வாரிசுச் சான்று, 1912-ல் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தின் அசல் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். அங்கே வரும் ஒருவர் இருபத்தைந்தாயிரம் கொடுத்தால் 'நேட்டால் பேப்பரை' வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர், "நீங்கள் கட்டிக்கொடுத்துப் போன பெண், உங்கள் அண்ணனை வரச் சொல்லுங்கள்" என்றாராம். சேரலாமா, வேண்டாமா என்பது இந்த அம்மாவின் கேள்வி.

சேருங்கள். ஆனால் முதல் மூன்று கூட்டங்களுக்குச் சந்தா கட்டாமல் வெறும் விருந்தாளியாகப் போய் உட்காருங்கள். அதற்கே சம்மதிக்காத குழு என்றால், அது வரலாறு தேடும் இடமல்ல.

குழுவால் என்ன லாபம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் நோட்டில் இருப்பது ஒரே வரி. பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடமும் அப்படி ஒரு வரி இருக்கலாம். இரண்டு பேரும் ஒரே வருஷம், கூலிக்கு ஆள் பிடித்த ஒரே ஆள்கட்டி என்று தெரிந்தால் அங்கேதான் வழி திறக்கும். பெயரை எப்படித் திரித்து எழுதினார்கள், ஒரு ஊருக்கு முன்பு என்ன பெயர், குலதெய்வம் எந்த ஏரிக்கரையில் இருந்தது, இதையெல்லாம் எந்த அலுவலகமும் சொல்லாது. எண்பது வயதுக்காரர் சொல்வார். காதைக் கொடுக்கத்தான் கூட்டம். காகிதத்தைக் கொடுக்க அல்ல.

இப்போது நான் அலுக்காமல் சொல்லிவரும் விஷயத்துக்கு வருகிறேன். அசல் பத்திரத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஸ்கேன் எடுத்து உடனே தந்துவிடுவோம் என்பார்கள். 1912 பாகப்பிரிவினை என்பது அந்த நிலத்துக்குத் தாய்ப் பத்திரம். நாளைக்கு உங்கள் தம்பி மகன் விற்கப் போனால், வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். தாய்ப் பத்திரமும் ஆதார் நகலும் வாரிசுச் சான்றும் ஒரே பையில் ஒரே ஆளிடம் சேர்ந்தால், ஆள்மாறாட்டம் செய்யப் பிறகு என்ன பாக்கி இருக்கிறது? குழு நடத்துகிறவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தப் பையைக் கடைசியாகத் தூக்கிப் போகிறவர் யார் என்று அவருக்கே தெரியாது. கொள்ளுத் தாத்தாவின் தம்பியைத் தேட உங்கள் ஆதார் எதற்கு? அவருக்கு ஆதார் இல்லை.

தரகர்கள் இன்னொரு பொய்யை விற்கிறார்கள்: பழைய பத்திர நகல் 'உள்ளே ஆள் இருந்தால்தான்' கிடைக்கும் என்பது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவு, நிலம் வீடு சம்பந்தப்பட்ட பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டும் யாருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நீங்கள் போய்க் கேட்டாலும் அதே நகல்தான், அதே முத்திரைதான்.

ஒரே ஒரு விலக்கு, உயில். இதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் ஏறுகின்றன. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே நகல். பிள்ளைக்குக் கிடையாது, மனைவிக்கும் கிடையாது. எழுதியவர் இறந்த பிறகு, விண்ணப்பிக்கும் யாருக்கும் கிடைக்கும். ஆகவே உங்கள் கொள்ளுத் தாத்தாவின் உயில் பதிவாகியிருந்தால், நீங்களே கேட்டு வாங்கலாம். ஆனால் அவர் இறந்துவிட்டார் என்பதற்குச் சான்று கேட்பார்கள். நூறு வருஷத்துக்கு முன் பிறந்து வளர்ந்து போனவர் இறந்திருப்பாரா என்று ஓர் அலுவலர் என்னிடமே கேட்டிருக்கிறார். சிரிக்காதீர்கள், அவர் கேட்டது சட்டப்படிதான். இறப்புச் சான்று இல்லையென்றால், அவர் காலமான பிறகு அவருடைய பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்ட பத்திரத்தைக் காட்டுங்கள். அதில் தகப்பனார் 'காலஞ்சென்று போன' என்று எழுதியிருக்கும். சில இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள், சில இடங்களில் முடியாது என்பார்கள். இரண்டாம் வகை இடத்தில் எழுத்து மூலம் மறுப்புக் கேளுங்கள், குரல் உடனே மாறும். பதிவே செய்யாத உயில் இதில் எதிலும் வராது, அது பரண்மேல்தான் கிடைக்கும்.

இந்த அலுவலகங்களின் லட்சணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு முறை 1920-களின் ஒரு தொகுதியைப் பார்க்க ஒரு பதிவகத்தில் நான்கு மணி நேரம் காத்திருந்தேன். பீரோ சாவி யாரிடம் என்பதில் இரண்டு பேருக்குள் சர்ச்சை. மூன்றரை மணிக்குச் சாவி வந்தது, தொகுதி 'சிதிலம், திறக்க இயலாது' என்ற தாள் ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. அந்தத் தாளே மஞ்சளாகியிருந்தது. இணையத்தில் வில்லங்கம் பார்க்கலாமே என்று சொல்வார்கள். அவ்வளவு பழையவை அங்கே கிடைப்பதில்லை. 1912-க்கு நீங்கள் நேரில்தான் போக வேண்டும், தேடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கட்டணம் உண்டு. அதனால் ஆண்டைக் குறுக்கிக்கொண்டு போங்கள்.

விய வருஷத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கொரு முறை திரும்பி வரும். விய என்பது 1886-87, பிறகு 1946-47, பிறகு 2006-07. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் ட்ரூரோ 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்ததில் தொடங்கி, 1911-ல் அந்த ஏற்றுமதி நின்றது. ஆகவே உங்கள் ஆவணி 1886 ஆகஸ்ட்-செப்டம்பர்தான். பழைய கணக்குகளில் பசலி என்று, அதாவது நிலவரிக் கணக்கு ஆண்டாக, எழுதியிருந்தால் 590 கூட்டிக்கொள்ளுங்கள், அந்த ஆண்டு ஜூலையில் பசலி தொடங்கும். பசலி 1296 என்றால் 1886 ஜூலை. இந்த இரண்டு கணக்கும் தெரிந்தாலே இருபத்தைந்தாயிரம் கேட்பவரிடம் பாதி மிச்சம்.

மீதிப் பாதி இது. நேட்டாலுக்குப் போன ஏறத்தாழ 1,52,000 பேருக்கும் கப்பல் பட்டியல் உண்டு. குடியேற்ற எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம் வரை எழுதிய பட்டியல். டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களை வைத்திருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா, ஆண்டு எல்லாம் கோத்து ஒரு கடிதம் எழுதுங்கள். ஜில்லாவை வேலூர் என்று எழுதாதீர்கள், அப்போது வட ஆற்காடு. பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார், முனுசாமி 'மூன்சாமி' ஆகியிருப்பார். அங்கே முதலியார் 'மூட்லி' ஆனது போலத்தான்.

பிறப்புப் பதிவேட்டில் தேடுவீர்களானால் ஒன்று. பழைய ஏடுகளில் குழந்தைக்குப் பெயர் இருக்காது, 'ஆண்' என்று மட்டும் இருக்கும், தகப்பன் பெயரோடு. பெயர் இல்லை என்று திரும்பி வந்தவர்களை எண்ணி மாளாது. பிறப்பு இறப்பு ஏடுகளை வைத்திருந்த கிராம முன்சீப்பு பதவியை 1980-ல் ஒழித்தபோது எத்தனை ஊர்களில் அந்த ஏடுகள் எங்கே போயின என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

மரபணுச் சோதனைக்குப் பணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சேரன், சோழன் வம்சம் என்று தங்க எழுத்தில் அச்சடித்துத் தரும் புத்தகமும் அப்படியே.

'கட்டிக்கொடுத்துப் போன பெண்' என்றவருக்குப் பதில் சொல்லவே தேவையில்லை, பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். ஆனால் அவர் வழி சிந்தனையைப் பத்திரத்தில் எதிர்பாருங்கள். 1989-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தும்வரை கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்புரிமைப் பங்கில்லை, அதனால் உங்கள் 1912 பத்திரத்தில் அத்தைமார் பெயரே இருக்காது. கப்பலேறியவரைப் பற்றி 'தேசாந்தரம் போய்' என்று ஒரு வரி இருக்கிறதா, சந்ததி பற்றி ஏதாவது சொல்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பங்குள்ளவர் அவர், அவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் பாகம் பிரிப்பது எளிதல்ல.

இரண்டாம் ஞாயிறு போகும்போது, நோட்டிலுள்ள அந்த வரியின் நகலையும் பத்திரத்தின் முதல் பக்க நகலையும் மட்டும் எடுத்துப் போங்கள். சர்வே எண்களை மறைத்துக்கொண்டு. அசலைக் கேட்டால், அது வங்கி லாக்கரில் இருக்கிறது என்று சொல்லுங்கள். பெட்டியில் இருந்தாலும் அப்படியே சொல்லுங்கள்.